பட்டறையில் கவனம் மட்டும் கையைக் காக்காது

இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டும் கிரைண்டரில் அடிபட்டவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “கவனமாகத்தான் இருந்தேன்.” அது பொய்யில்லை. சிங்கப்பூரில் துவாஸ் பக்கத்து இரும்புப் பட்டறைகளிலும் சுங்கை காடுட் மரப் பட்டறைகளிலும் விரலை இழப்பவர்கள் நேற்று வந்த புதியவர்கள் மட்டுமல்லர். கைத்திறனுக்குப் பெயர் வாங்கியவர்களும் அதில் உண்டு. அவர்களுக்குக் கவனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 முறை சுற்றுகிறது, நொடிக்கு 200. அதில் மாட்டிய வட்டத் தகடான டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஏதோ தவறுகிறது என்று கண் கண்டு, மூளைக்கு எட்டி, கை பின்வாங்கக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் டிஸ்க் 50 சுற்றுச் சுற்றிவிடும். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தக் கால் நொடியைக் குறைக்க முடியாது. எனவே முதல் தவறு, மற்றெல்லாத் தவறுகளுக்கும் தாயான தவறு, கவனத்தையே பாதுகாப்பு என்று நம்புவதுதான். டிஸ்க்கை மறைக்கும் காப்புத் தகடான கார்டைக் கழற்றுகிறவரும் சரி, கண்ணாடி போடாதவரும் சரி, பிளக்கைப் பிடுங்காமல் டிஸ்க் மாற்றுகிறவரும் சரி, எல்லாரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது “நான் பார்த்துக்கொள்வேன்” என்பதைத்தான்.

கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிரைண்டர் காயங்களில் மிகக் கொடியவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கார்டைக் கழற்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, மூலைமுடுக்கில் டிஸ்க் எட்டவில்லை. மற்றொன்று, பெரிய டிஸ்க்கை மாட்ட வேண்டும். இரண்டாவது காரணம் உயிரை வாங்கக்கூடியது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண நான்கு அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 15,300 சுற்று வரை தாங்கும். ஏழு அங்குல டிஸ்க் தாங்குவது 8,500 சுற்றுத்தான். இரண்டுக்கும் விளிம்பு வேகத்தின் எல்லை ஒன்றே: நொடிக்கு 80 மீட்டர். 12,000 சுற்றில் ஓடும் சிறிய மெஷினில் ஏழு அங்குல டிஸ்க்கை மாட்டினால் விளிம்பு நொடிக்கு 110 மீட்டரைத் தாண்டுகிறது. டிஸ்க் வெடிக்கும். வெடித்த துண்டைத் தடுக்க வேண்டிய கார்டு ஏற்கெனவே கழற்றப்பட்டு மேசைக்கு அடியில் கிடக்கும். இதில் இன்னொரு வினையும் உண்டு. பெரிய டிஸ்க்கின் நடுத்துளை பெரியது. அதைச் சிறிய அச்சில் நிறுத்த வாஷர் வைத்து ஒப்பேற்றுவார்கள். நடு விலகிய டிஸ்க் அதிர்ந்துகொண்டே சுற்றும்.

இந்தத் தவறைத் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. பட்டறை முழுவதற்கும் ஒரே ஒரு சிறிய கிரைண்டரை வாங்கிவைத்துவிட்டு, தடித்த தகட்டை மாலைக்குள் அறுத்து முடிக்கச் சொல்லும் முதலாளிதான் அந்தப் பெரிய டிஸ்க்கை மாட்ட வைக்கிறார்.

பல் உள்ள மர ரம்ப பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதும் இதே வகை. வீட்டுப் புதுப்பிப்பு வேலைகளில் பலகையையும் பிளைவுட்டையும் சட்டென்று அறுக்க இப்படிச் செய்கிறார்கள். உராய்ந்து அறுக்கும் டிஸ்க் வேறு, கடித்து அறுக்கும் பல் வேறு. மரத்தில் ஒரு கணு வந்தால் பல் கடித்து நிற்கும். மெஷின் முழு விசையோடு ஆளை நோக்கி எகிறும். அதில் விட்டதும் நிற்காத பூட்டு ஸ்விட்ச் இருந்தால், கையை விட்டுப் போன பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். தொடையிலும் கழுத்திலும் ஆழமான வெட்டு விழுவது இப்படித்தான். மரத்துக்கு மர ரம்பம், இரும்புக்கு இரும்பு டிஸ்க். இதில் சமாதானத்துக்கு இடமே இல்லை.

மெல்லிய கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள். அது பக்கவாட்டு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. கீழே விழுந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டாதீர்கள். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி தேதி பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கைப் பிணைக்கும் பிசின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த சிங்கப்பூரில், திறந்த லாரியின் பின்புறத்திலும் தண்ணீர் சொட்டும் கொள்கலன் மூலையிலும் டிஸ்க்குகளைப் போட்டுவைப்பது ஆபத்தானது. புதிய டிஸ்க் மாட்டியதும் ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். உடையக்கூடியது பெரும்பாலும் அப்போதே உடைந்துவிடும்.

கையுறை எப்போதும் நல்லது என்று நினைப்பது இன்னொரு தவறு. கிரைண்டர் வேலைக்குக் கையோடு ஒட்டிய தடித்த கையுறை வேண்டும். டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் அதே கையுறை எமனாகும். சுழலும் பிட்டில் ஒரு நூல் சிக்கினால் போதும், கையுறை உருவிக்கொண்டு வராது, கையையும் சேர்த்து இழுக்கும். நம்மவர்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது மணிக்கட்டில் கட்டும் சாமிக் கயிறு. ஊரில் அம்மா கட்டிவிட்டதை அறுக்க மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் சுழலும் மெஷினுக்கு முன்னால் போவதற்குள் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, வியர்வை துடைக்கத் தோளில் போட்ட துண்டு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மோதிரம் சிக்கினால் விரலின் தோலும் சதையும் உறை கழல்வதைப் போல உரிந்து வந்துவிடும்.

டிரில் செய்யும் தகட்டைக் கையால் பிடித்துக்கொள்வதும் வேண்டாம். பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்வித் தூக்கிச் சுழற்றும். அது அரிவாளாக மாறும். வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குவதற்கு அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

மரப் பட்டறையில் மேசை ரம்பத்தின் ஆபத்து வெறும் பல் மட்டும் அன்று. அறுபட்ட பலகை பிளேடின் பின்பக்கத்தை நெருக்கினால், மேலெழும் பற்கள் அதைத் தூக்கி, நிற்பவரின் வயிற்றை நோக்கி வீசும். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை, பிடிமானம் போய்ப் பிளேடின் மேல் விழும். இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் பிளப்பைத் திறந்துவைக்கும் கத்தி போன்ற தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. இடைஞ்சல் என்று கழற்றப்படும் முதல் பாகமும் அதுவே. பிளேடுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். கடைசி ஓர் அடியைக் கையால் தள்ளாமல் தள்ளுகோலால் தள்ளுங்கள். தோல் பட்டதுமே சில மில்லிநொடிகளில் பிளேடை நிறுத்திவிடும் ரம்பங்களும் இப்போது இருக்கின்றன. விலை கூடுதல்தான், ஒரு விரலின் விலையை யோசித்துப் பார்க்கும் முதலாளிக்கு அது பெரிதாகத் தெரியாது.

டிஸ்க், பிட், பிளேடு எதை மாற்றினாலும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெரிய இயந்திரத்துக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்யும்போது ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே இருப்பது தெரியாமல் சக ஊழியர் ஸ்விட்ச்சைப் போட்டதால் நேர்ந்த விபத்துகள் உலகெங்கும் உண்டு.

கண்ணுக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. பக்கங்களை மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், கிரைண்டர் வேலைக்கு அதன்மேல் முகக்கவசமும் வேண்டும். காது விஷயத்தில் சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் வைத்திருக்கும் எல்லை, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். இரும்பைத் தேய்க்கும் சத்தம் பல நேரங்களில் அதை நெருங்கிவிடும். இப்படிப் போன செவித்திறன் எந்த மருந்துக்கும் திரும்பாது.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்தக் காற்று வெட்டுக்காயத்தின் வழியாக உடலுக்குள் புகலாம். கண்ணைக் குருடாக்கலாம், செவிப்பறையைக் கிழிக்கலாம். விளையாட்டுக்காக அடுத்தவர் மேல் பீய்ச்சுவதால் குடல் கிழிந்து இறந்தவர்கள் உண்டு. இதைவிட ஏமாற்றுவது, உயர் அழுத்தப் பெயின்ட் துப்பாக்கியும் ஹைட்ராலிக் குழாயின் ஊசித்துளைக் கசிவும். விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே பெயின்ட்டோ எண்ணெயோ தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் “அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே போய்விட்டது” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அடிபட்ட பிறகு செய்யும் தவறுகள் தனி. காயத்தில் மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள், சக ஊழியரை வைத்து எடுக்கச் சொல்லாதீர்கள். விரல் துண்டானால் அதை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. சதை உறைந்து செத்துவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 995 எண்ணை அழையுங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை மூன்றிலும் கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

பலர் காயத்தை மறைப்பதற்குக் காரணம் பயம். ‘என் தவறுதான், சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பயம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது ஏற்பட்ட காயம் என்பதே அடிப்படை. 2020 செப்டம்பர் முதல், ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) அல்லது இலகு வேலை கொடுக்கப்பட்டாலும் முதலாளி அதை மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். எம்.சி.யில் இருக்கும்போது முதல் 14 நாளுக்கும், மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரைக்கும் முழுச் சம்பளம் உண்டு. அதன்பின் விபத்து நடந்து ஓராண்டு ஆகும்வரை மூன்றில் இரண்டு பங்கு. மெஷினையும் உடைந்த டிஸ்க்கையும் காயத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், எம்.சி. தாள்களின் படத்தை ஊரிலுள்ள வீட்டாருக்கும் அனுப்பிவையுங்கள். இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது. வேலை அனுமதி ரத்தானாலும் அந்த உரிமை போய்விடாது.