நாலு சீசன் டென்ட் வாங்கும் முன்: இடுக்கி மலைக்காரர்களுக்குப் படிப்படியாக ஒரு விளக்கம்

டிசம்பர் கடைசியில் செண்டுவரை, கன்னிமலை எஸ்டேட் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் படங்கள் போனில் சுற்ற ஆரம்பிக்கும். உடனே மூணாறு, சூரியநெல்லி, பூப்பாறை தம்பிமார் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணே, நாலு சீசன் டென்ட் ஒன்னு வாங்கிரலாமா?"

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம். நம் மலைக்குளிருக்கு அது தேவையில்லை, நம் மழைக்கு அது தொந்தரவு. ஆனால் பனிக்காலத்தில் இமயமலைக்குப் போகிறேன், சிகரம் ஏறப் பழகுகிறேன் என்பவருக்குப் பதிலே வேறு. மூன்று சீசன் டென்ட் என்பது பனிக்காலம் தவிர மற்றக் காலங்களுக்கு, நாலு சீசன் என்பது பனிக்காலத்துக்கும் சேர்த்து. நாலு சீசன் டென்ட் கட்டப்படுவது இரண்டு விஷயங்களைத் தாங்க: பலத்த காற்று, கூரைமேல் விழும் பனியின் எடை. குளிரைத் தடுப்பது அதன் முக்கிய வேலை இல்லை. எந்த டென்ட்டுக்குள் படுத்தாலும் வெளியே இருப்பதைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருக்கும். உடம்பைக் காப்பது ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் பாயும். பனிமேல் படுக்க ஆர்-வேல்யூ (தரைக்குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 5-க்குக் குறையாத பாய் வேண்டும். பணம் குறைவாக இருந்தால் முதலில் அதில் போடுங்கள்.

படி 1: எங்கே, எந்த மாதம் படுக்கப்போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். இடம், மாதம், உயரம், சுற்றிலும் மரம் உண்டா வெட்டவெளியா, பனி விழுமா. அடுத்த இரண்டு வருடத்தில் நிஜமாகவே போகப்போகிற இடத்தை எழுதுங்கள். கனவில் போகிற இடத்தை எழுதினால் செலவு எகிறிவிடும்.

தாளில் வட்டவடை, காந்தளூர், கொலுக்குமலை என்று வந்தால், மேலே போர்த்தும் வெளித்துணி நன்றாக இறங்கி நிற்கும் மூன்று சீசன் டென்ட் போதும். மீசப்புலிமலை 2,640 மீட்டர், ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உறைபனி படியும், கூரையை அழுத்தும் பனி விழாது. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் இமாச்சலிலும் உத்தராகண்டிலும் நடக்கிற சாதாரண ட்ரெக்குகளுக்கும் இதே டென்ட் தாங்கும். ஜனவரியில் பனிமேல் முகாம், பனிக்கோட்டுக்கு மேலே முகாம், மணாலி பக்கத்து ஃப்ரெண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) மாதிரி ஏற்றம் என்று வந்தால்தான் கீழே உள்ள படிகள் உங்களுக்கு.

இன்னொன்று. கையில் டென்ட் இருக்கிறது என்பதற்காக நம் பக்கத்துக் காட்டில் நினைத்த இடத்தில் அடித்துவிட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் உயிர் போனதற்கு அப்புறம் கெடுபிடி அதிகம். மீசப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகமே அடிவார முகாமில் டென்ட்டும் கொடுத்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. மற்றபடி பட்டா நிலம், உரிமையாளர் அனுமதி, யானை வழி இல்லாத இடம். சின்னக்கானல்காரர்களுக்கு, அரிசி தேடி வீடுகளை உடைத்த காட்டுயானை அரிக்கொம்பன் காலத்துக்குப் பிறகு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை சீசன் டென்ட்டாக இருந்தாலும் யானைக்கு அது துணிதான்.

படி 2: காற்றுக்கு ஏற்ற எலும்புக்கூட்டைப் பாருங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். கடையில் எல்லாரும் துணியைத் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் கம்பிகளைப் பாருங்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் டென்ட்டின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் ஜம்மென்று நின்ற டென்ட் 60-ல் மடங்கிப் படுப்பது இதனால்தான். சாதாரண டோம் டென்ட்டில் இரண்டு கம்பிகள் உச்சியில் ஒரே இடத்தில் குறுக்கிடும். காற்று பக்கவாட்டில் தள்ளினால் அந்த இரண்டும் வளைந்து, கூரை முகத்தில் வந்து ஒட்டும். நாலு சீசன் டென்ட்டில் மூன்றிலிருந்து ஐந்து கம்பிகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிப்போகும். துணி சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிந்து விறைப்பாக நிற்கும். இதுதான் ஜியோடெசிக் வடிவம். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கட்டடக்கலை யோசனையிலிருந்து இதை டென்ட்டுக்குக் கொண்டுவந்தது தி நார்த் ஃபேஸ் நிறுவனம், 1975-ல், ஓவல் இன்டென்ஷன் என்ற மாடலில். பயணப் படங்களில் மஞ்சளாகத் தெரிகிற, அதே நிறுவனத்தின் விஈ 25 டென்ட் அந்த வம்சம்தான்.

அடுத்தது டன்னல் வடிவம். வளையங்கள் வரிசையாக நிற்கும். ஸ்வீடனின் ஹில்லிபெர்க் இதற்குப் பேர்போனது. எடைக்கு இடம் தாராளம், ஆனால் ஆணி அடிக்காமல் தானாக நிற்காது. ஒடுங்கிய முனை காற்றைப் பார்க்க வேண்டும். காற்று திசை மாறிப் பக்கவாட்டில் அடித்தால் உள்ளே நிம்மதி இருக்காது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த பாறையும் சரளையுமான மொரைனில் ஆணி இறங்காத இடத்தில் தானாக நிற்கும் டென்ட்டே சௌகரியம். முதல் டென்ட் வாங்குகிறவருக்கு ஜியோடெசிக்கோ, அதில் ஒரு கம்பி குறைந்த செமி ஜியோடெசிக்கோதான் என் சிபாரிசு. தவறாக அடித்தாலும் ஓரளவு மன்னிக்கும்.

கம்பி அலுமினியமாக இருக்கட்டும். 7075 வகை அலாய் என்று போட்டிருந்தால் நல்லது. ஃபைபர் கிளாஸ் கம்பி கடுங்குளிரில் சிம்பு சிம்பாகப் பிளக்கும். தடிமன் 9 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு வெளித்துணியில் கயிறு கட்டும் வளையங்களைப் பாருங்கள். அவை கம்பி ஓடும் இடத்தின் மேலேயே தைக்கப்பட்டிருக்க வேண்டும். துணியைப் புரட்டிப் பார்த்தால் அதே இடத்தின் உள்பக்கத்தில் கம்பியைச் சுற்றிக் கட்ட ஒரு வெல்க்ரோ பட்டை இருக்கும். அது இல்லையென்றால் நீங்கள் இழுத்துக் கட்டும் கயிறு வெறும் துணியைத்தான் இழுக்கும், கம்பிக்குப் பலம் சேர்க்காது. விலை குறைந்த "நாலு சீசன்" டென்ட்கள் பலவற்றின் சாயம் வெளுப்பது இந்த இடத்தில்தான்.

படி 3: துணி, வலை, காற்றோட்டம்

மூன்று சீசன் டென்ட்டின் உள்கூட்டில் பாதி கொசுவலை. நாலு சீசனில் அந்த இடமெல்லாம் துணி, வலைக்குமேல் மூடிக்கொள்ள ஜிப் இருக்கும். காற்றில் பறக்கும் பொடிப்பனி வலை வழியே உள்ளே வந்து ஸ்லீப்பிங் பேக்கை நனைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. லடாக், ஸ்பிதி புழுதிக்கும் இது உதவும். வெளித்துணி தரைவரை வரும். சிலவற்றில் கீழே ஒரு சாண் துணி கூடுதலாகத் தொங்கும், அதன்மேல் பனியைக் கொட்டி அமுக்கலாம்.

இப்போது இதே டென்ட்டை ஜூலை மாதத்து தேவிகுளம் மழையில் அடித்துப் பாருங்கள். வெளியே காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கிறது. உள்ளே இரண்டு பேர் மூச்சுவிடுகிறார்கள். போக வழியில்லாத அந்த ஈரம் வெளித்துணியின் உள்பக்கம் துளித்துளியாகக் கோர்த்து விடியற்காலையில் சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேருக்கு நடந்தது இதுதான். நம் மழைக்கு இது தொந்தரவு என்றது இதனால்.

பனியிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே அது உறைந்து, காலையில் தலைமேல் உதிரும். அதனால் கூரையின் உச்சியில் இரண்டு எதிரெதிர் காற்றுத்துளைகள் இருக்கின்றனவா, அவற்றை உள்ளிருந்தே திறந்து மூட முடிகிறதா என்று பாருங்கள். பனி அவற்றை மூடிக்கொண்டால் உள்ளே மூச்சு முட்டும். பனி கொட்டும் இரவில் அவ்வப்போது எழுந்து கூரையை உள்ளிருந்து தட்டிவிடுவதும், சுற்றிலும் சேர்ந்ததை வெளியே போய் வாருவதும் கட்டாயம்.

உள்கூடு தனியாக இல்லாமல் ஒரே துணியால் ஆன ஒற்றைத்துணி டென்ட்டும் உண்டு. பிளாக் டைமண்ட் எல்டொராடோ மாதிரி. எடை குறைவு, குறுகிய பாறை விளிம்பில்கூட அடிக்கலாம். உச்சிக்கு முந்தைய முகாமுக்கானது. ஈரம் கோர்ப்பது அதில் இன்னும் அதிகம் என்பதால் முதல் டென்ட்டாக வேண்டாம்.

நீர் தாங்கும் அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 3,000 என்றால் மூன்று மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்வரை கசியாது என்று அர்த்தம். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதல் எண் வேண்டும், முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் அதிகம். வெளித்துணிக்கு 1,500-க்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம். நைலான் நனைந்தால் தொய்யும், படுக்கும் முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துவிட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய நைலான் உறுதியானது, ஆனால் அதன் தையலில் டேப் ஒட்டாது. தையலுக்குச் சிலிக்கான் பசை பூச வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: அளவும் எடையும்

இரண்டு பேர் டென்ட் என்று எழுதியிருந்தால், பனியில் அது ஒன்றரைப் பேருக்குத்தான். தடித்த ஸ்லீப்பிங் பேக், உறையக்கூடாத தண்ணீர் பாட்டில், பூட்ஸின் உள்ளுறை எல்லாம் உள்ளே வரும். இரண்டு பேருக்கு மூன்று பேர் அளவு எடுங்கள். இரட்டைத்துணி டென்ட் 3 முதல் 5 கிலோ இருக்கும். ஒருவர் துணியும் இன்னொருவர் கம்பி, ஆணிகளும் பிரித்துச் சுமக்கலாம்.

வாசலுக்கு முன்னால் வெளித்துணி நீண்டு ஒரு திண்ணை மாதிரி இடம் இருக்கும். அது பெரிதாக இருக்கட்டும். பையும் பூட்ஸும் அங்கே இருக்கும், பனிப்புயலில் வேறு வழியில்லாமல் ஸ்டவ் பற்ற வைப்பதும் அங்கேதான், அதுவும் கதவையும் காற்றுத்துளையையும் திறந்துவைத்து. மூடிய டென்ட்டுக்குள் ஸ்டவ் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கரிச்சட்டியில் கங்கு போட்டு உள்ளே வைப்பதும் இதே கணக்குத்தான்.

படி 5: அடிக்கும் வரிசையும் ஆணிகளும்

சிலவற்றில் உள்கூட்டை முதலில் நிறுத்தி மேலே துணி போர்த்த வேண்டும். மழையிலோ பனியிலோ போர்த்துவதற்குள் உள்ளே குளமாகிவிடும். வெளித்துணியும் உள்கூடும் சேர்ந்தே எழும் டென்ட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கூட வரும் மெல்லிய ஆணிகள் பனியில் நிற்காது. அகலமான பனி ஆணி தனியாக வாங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு துணிப்பையில் பனியை நிரப்பி, கயிறு கட்டி, குழியில் புதைத்து மிதித்துவிடுங்கள். சற்று நேரத்தில் இறுகிவிடும். உடைந்த கம்பிக்கு மேல் மாட்டும் ஒரு சாண் குழாயும், கூடுதல் கயிறும் கட்டாயம் பையில் இருக்கட்டும்.

படி 6: ஊரிலேயே சோதனை

ராமக்கல்மேடு பக்கம் தெரிந்தவர் தோட்டம் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே காற்றாலை சும்மா நிறுத்தவில்லை. பகலில் போய், காற்று வீசும் நேரத்தில், கையில் தடித்த கையுறை போட்டுக்கொண்டு டென்ட்டை அடித்துப் பாருங்கள். முதலில் காற்றுப்பக்கத்து மூலையில் ஆணி அறைந்துவிட்டு அப்புறம்தான் கம்பியைக் கோர்க்க வேண்டும். துணியை ஒரு கணமும் கையிலிருந்து விடக்கூடாது, விட்டால் தேனி மாவட்டத்தில் போய்த்தான் தேட வேண்டும். கையுறையோடு ஜிப் திறக்க வருகிறதா, கொக்கி மாட்ட வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஓஸ் பைப்பில் தையல்மேல் தண்ணீர் அடித்து, உள்ளே படுங்கள். தலையோ காலோ துணியைத் தொட்டால் நீளம் போதாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

படி 7: வீட்டில் வைப்பது

இடுக்கியில் டென்ட்டின் உயிரை எடுப்பது வீட்டு அலமாரிதான். ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு நம் ஊர் ஈரக்காற்றில் நாளடைவில் பிசுபிசுத்து, நாற்றமடித்து, உரிந்து வரும். அதற்கு வைத்தியம் இல்லை. திரும்பி வந்ததும் நிழலில் நன்றாகக் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வான பருத்திப் பையில் போட்டு, அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய காய்ந்த அறையில் வையுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை எடுத்து விரித்துப் பாருங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

பெயர்பெற்ற வெளிநாட்டு டென்ட் சுங்கவரியெல்லாம் சேர்ந்து லட்சத்தை நெருங்கும். முதல் தடவை பனிக்குப் போகிறவர் அந்தக் காசைப் போட வேண்டியதில்லை. ட்ரெக் நடத்துகிறவர்கள் டென்ட் கொடுப்பார்கள், மணாலியிலும் லேயிலும் வாடகைக்கும் கிடைக்கும். மலையேற்றமே கற்க வேண்டுமென்றால் டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகமும், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றக் கழகமும் சுமார் நான்கு வாரத்துக்கு அடிப்படைப் பயிற்சி தருகின்றன. டென்ட்டும் சாமான்களும் அவர்களுடையவை. அங்கே பனியில் சில இரவு படுத்துவிட்டு வந்தால், எந்த ஜிப் உறைகிறது, எந்தக் கொக்கி கையுறைக்கு அடங்கவில்லை என்பது தெரிந்துவிடும். கடைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.