விந்து வெளியேறுவதில் சிக்கல் இருந்தால்: குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆணுக்கு ஒரு வழிகாட்டி

விந்துப் பரிசோதனைக்கு வரும் ஆண்களில் பலர், குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு ஆய்வகப் பணியாளர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விடுவார்கள். சில வேளைகளில் அதில் ஒரு பகுதி கீழே சிந்தியிருக்கும், சொல்லக் கூச்சம். ஆனால் முதலில் வெளிவரும் துளிகளில்தான் விந்தணுக்கள் செறிந்திருக்கின்றன. அவை சிந்திப்போனால் அறிக்கையில் எண்ணிக்கை குறைந்து தெரியும். அந்த ஒரு தாளை நம்பி, தேவையே இல்லாத சிகிச்சைக்குள் ஒரு தம்பதி நுழைந்துவிடக்கூடும். "கொஞ்சம் சிந்திவிட்டது" என்று சொல்லிவிட்டால் போதும், சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் மாதிரி வாங்கிக்கொள்வார்கள்.

விந்து வெளியேறவில்லை என்பதும் விந்தணு உற்பத்தியாகவில்லை என்பதும் ஒன்றல்ல. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி அச்சம் விலகும். விந்தணு விதைப்பையில் உருவாகிறது. வெளிவரும் நீரில் பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்தும் எஞ்சியதில் பெரும்பங்கு புரோஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விந்தணுக்களின் பங்கு அதில் ஏறத்தாழ 5 சதவீதம்கூட இருக்காது. உச்சக்கட்டத்தின்போது இவையெல்லாம் சிறுநீர்க் குழாயின் பின்பகுதியில் வந்து சேர, சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ள, இடுப்புத் தசைகள் சுருங்கி விந்தை வெளியே தள்ளுகின்றன. இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடங்கல் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அதற்கு, மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம் உங்கள் உடலைக் கவனித்துக் குறித்துவையுங்கள். உச்சக்கட்ட உணர்வு வருகிறதா? வந்தால், விந்து வெளிவருகிறதா, எவ்வளவு? அதன்பின் கழிக்கும் முதல் சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா? தனியே இருக்கும்போதோ தூக்கத்திலோ வெளியேறும் விந்து, மனைவியுடன் இருக்கும்போது மட்டும் வருவதில்லையா? எப்போதிலிருந்து இப்படி, அந்தச் சமயத்தில் புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள்? தூக்கத்திலும் தனிமையிலும் தடையின்றி வெளியேறுகிறது என்றால் பாதையிலும் நரம்பிலும் பெரிய பழுது இருக்க வாய்ப்பு குறைவு. மனத்தின் அழுத்தமோ பழக்கமோ காரணமாக இருக்கலாம். உச்சக்கட்டம் வந்தும் ஒன்றுமே வெளிவராமல் அடுத்த சிறுநீர் கலங்கலாக இருந்தால், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறது என்று ஐயப்பட வேண்டும்.

விந்து முந்துதலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. யோனிக்குள் விந்து சேர்கிறது என்றால், ஒரே நிமிடத்தில் முடிந்தாலும் கருத்தரிப்புக்கு அது தடையில்லை. உள்ளே நுழையுமுன்னரே வெளியேறிவிடுகிறது என்றால் மட்டும்தான் குழந்தைப் பேறு பாதிக்கப்படும். அதற்கு நிறுத்தி நிறுத்தித் தொடரும் பயிற்சியும், மருத்துவர் தரும் மாத்திரையும் உதவும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் கடையில் விற்கும் வழவழப்புத் திரவங்களையும் கருத்தரிக்க முயலும் நாட்களில் தவிர்த்துவிடுங்கள். அத்திரவங்களில் பல விந்தணுவின் நீந்தும் வேகத்தைக் குறைப்பவை, எச்சிலும் அப்படித்தான்.

தாமதமாவதற்கும் வராமலே போவதற்கும் மாத்திரை காரணமாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்ஸிட்டின், செர்ட்ராலின் போன்றவை உச்சக்கட்டத்தைத் தள்ளிப்போடும். சிறுநீரகக் கல் இறங்குவதற்காக இளைஞர்களுக்கும் எழுதித் தரப்படும் டாம்சுலோசின், சிலோடோசின் மாத்திரைகள் விந்து வெளிவருவதைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யும். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக மனநல மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பிவரக்கூடும். "குழந்தைக்கு முயல்கிறோம், வேறு மாத்திரை தர முடியுமா?" என்று எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது சர்க்கரை நோயால் வரும் சிக்கல். பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்த சர்க்கரை, சிறுநீர்ப்பையின் வாயை மூடவைக்கும் நரம்புகளைத் தாக்குகிறது; வாய் மூடாததால் விந்து எளிய வழியில் உள்ளே போய்விடுகிறது. முதலில் அளவு குறையும், பிறகு வறண்ட உச்சக்கட்டம் மட்டுமே மிஞ்சும். புரோஸ்டேட் அறுவை, முதுகுத்தண்டுக் காயம், விதைப்பைப் புற்றுக்காக வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களை அகற்றும் அறுவை ஆகியவற்றுக்குப் பிறகும் இது நேரலாம். கண்டறிய எளிய சோதனை இருக்கிறது: உச்சக்கட்டத்துக்குப் பின் கழிக்கும் சிறுநீரைத் தனிக் குப்பியில் பிடித்து, சுழற்றி வண்டலாக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அங்கே விந்தணுக்கள் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

அந்தச் சிறுநீரிலிருந்தே விந்தணுக்களைப் பிரித்தெடுத்துக் குழந்தை பெற முடியும். சிறுநீரின் அமிலத்தன்மைதான் முதல் எதிரி. எனவே முந்தின இரவிலிருந்தே சோடியம் பைகார்பனேட்டை, அதாவது சமையலறைச் சோடா உப்பின் மருந்து வடிவத்தை, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்டு, அவர் சொன்னபடி தண்ணீர் குடித்து, மாதிரி தருவதற்குச் சற்று முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். உச்சக்கட்டத்துக்குப் பின் உடனே சிறுநீர் கழித்துக் குப்பியை ஆய்வகத்திடம் கொடுத்துவிட வேண்டும். வெளியே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடமும் விந்தணுவுக்குச் சேதம். அவர்கள் அதைக் கழுவித் தெளியவைத்து, அணுக்களின் நிலையைப் பொறுத்துக் கருப்பைக்குள் செலுத்துவார்கள், அல்லது இக்ஸி முறையில் ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். சிலருக்குச் சூடோஎஃபெட்ரின் போன்ற மாத்திரையாலேயே சிறுநீர்ப்பையின் வாய் இறுகி விந்து முன்னோக்கி வந்துவிடுவதும் உண்டு. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்த மாத்திரையையும் சோடாவையும் சொந்தமாக முயலவே கூடாது.

விந்து வெளிவருகிறது, ஆனால் மிகக் குறைவு, அணுவே இல்லை என்றால் அடைப்பைத் தேட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி அளவின் கீழ்வரம்பு 1.4 மில்லிலிட்டர். அதற்கும் குறைந்து, நீர் அமிலத்தன்மையுடன் ஃபிரக்டோஸ் சர்க்கரையும் இல்லாமல் இருந்தால், விந்துக்குழாய் முடிவில் அடைபட்டிருக்கலாம், அல்லது விந்தணுக்களை விதைப்பையிலிருந்து கொண்டுவரும் விந்து நாளங்கள் பிறவியிலேயே இல்லாதிருக்கலாம். பின்னதை அனுபவமுள்ள மருத்துவர் விரலால் தொட்டே அறிவார். இரண்டிலுமே விதைப்பையில் அணுக்கள் பெரும்பாலும் நன்றாக உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். ஊசி வழியே எடுத்து இக்ஸிக்குப் பயன்படுத்தலாம்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அதிர்வுக் கருவியும், அது பலன் தராவிட்டால், தேவைப்படுவோருக்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்தூண்டலும் உண்டு. நெஞ்சுப்பகுதி முள்ளெலும்புகளில் ஆறாவதிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இத்தூண்டலின்போது இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறக்கூடும் என்பதால் முதல் முயற்சி மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

இனி, உடலில் எந்தக் குறையும் இல்லாமல் அந்த ஒரு நாளில் மட்டும் தடைபடுபவர்களைப் பற்றி. "இன்றைக்கு முட்டை வெடிக்கும், கட்டாயம் சேர வேண்டும்" என்று மருத்துவமனை குறித்துத் தரும் தேதி பல ஆண்களை முடக்கிவிடுகிறது. முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும் என்றாலும், விந்தணு பெண்ணின் உடலுக்குள் மூன்று முதல் ஐந்து நாள் வாழக்கூடியது. ஆகவே அந்த வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும், தேதியைக் கணவனிடம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. தனியே வெளியேறும் விந்து உறவில் மட்டும் வராதவர்களுக்கு, சுத்தமான குப்பியில் பிடித்து ஊசி நீக்கிய சிரிஞ்சால் மனைவியின் யோனிக்குள் வீட்டிலேயே செலுத்தும் முறையை மருத்துவர்கள் சொல்லித் தருகிறார்கள். உளவியல் ஆலோசனை ஒருபுறம் நடக்க, குழந்தைக்கான முயற்சி மறுபுறம் தொடரலாம்.

"விந்து விட்டவன் நொந்து கெட்டான்" என்ற பழமொழியைக் காட்டிப் பயமுறுத்தி லேகியம் விற்பவர்களிடமும், லாட்ஜில் அறை எடுத்து ஆண்மைக் குறைவுக்கு ஊசி போடுபவர்களிடமும் போய்விடாதீர்கள். இது எனக்கு உண்மையில் மனவேதனை தரும் விஷயம். ஆண்மைக்கு என்று போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஓடிக்கொண்டிருக்கும் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. அது மீண்டும் தொடங்கப் பல மாதங்கள் ஆகும். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றாலோ, மனைவி 35 வயதைக் கடந்தவராக இருந்து ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றாலோ, சிறுநீரியல் நிபுணரிடமோ ஆண்களின் இனப்பெருக்க நலம் பார்க்கும் ஆண்ட்ராலஜி மருத்துவரிடமோ நேராகச் செல்லுங்கள். விந்து வெளிவரவே இல்லை என்றால் அந்த ஓராண்டும் காத்திருக்க வேண்டாம்.

சோதனைக் குழாய் முறைக்குப் போவதாக இருந்தால், முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே ஒரு மாதிரியை உறையவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்று காலை வரவில்லை என்ற பதற்றமே இல்லாமல் போகும். புற்றுநோய்க்கு மருந்தோ அறுவையோ தொடங்கும் இளைஞர்களும் அதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். உறையவைத்தபின் தரும் சீட்டில் உங்கள் பெயர், தேதி, எத்தனை குப்பிகள், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பவை சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.