பரணிலிருந்து இறங்கும் ஸ்கேட்: மீண்டும் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

சிறு வயதில் சக்கர ஸ்கேட்டில் சுற்றியவர்கள், கல்லூரிக் காலத்தில் பனித்தளத்தில் மாலைகளைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு வேலை, குடும்பம் என்று இருபது வருடம் ஓடிவிடும். ஒருநாள் பிள்ளையை ஸ்கேட்டிங் தளமான ரிங்க்குக்குக் கூட்டிப்போகும்போது பழைய ஆசை எட்டிப்பார்க்கும். ஸ்கேட்டை மாட்டி நாலு எட்டு வைத்ததும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கும்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. கால் மறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முதலில் ஞாபகம் வருவது வேகம். நிற்பதும் விழுவதும் கடைசியில்தான் திரும்பி வரும். புதிதாகக் கற்பவர் பயந்து பயந்து போவதால் மெதுவாக விழுகிறார். பழகியவர் நல்ல வேகத்தில் போய் விழுகிறார். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடலாம் என்ற நினைப்பில் வருபவை.

பழைய ஸ்கேட்டை அப்படியே மாட்டுவது

"நாலு தடவைதான் போட்டது, புதுசு மாதிரி இருக்கிறது" என்ற கணக்கு ஸ்கேட்டுக்குச் செல்லாது. சக்கரங்களும் பல பூட்ஸ்களின் அடிப்பாகமும் பாலியூரித்தேனால் ஆனவை. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் காற்றிலுள்ள ஈரம் அதை வருடக்கணக்கில் மெல்லச் சிதைக்கும். வெளியில் பளபளப்பாகத் தெரியும் அடிப்பாகம், எடை ஏறியதும் பிஸ்கட்டைப் போல உடைந்து கையோடு வரும். மாட்டுவதற்கு முன் சக்கரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தூள் உதிர்ந்தாலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அந்தச் சக்கரம் வேண்டாம். சில சக்கரங்கள் உதிராமல் கல்லாக இறுகிவிடும். அவை உருளும், ஆனால் திருப்பத்தில் தரையைப் பிடிக்காமல் பக்கவாட்டில் ஓடும்.

நான்கு சக்கர குவாட் ஸ்கேட்டில் பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. அச்சுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ரப்பர் குஷன்கள் இருக்கும். உடம்பைச் சாய்த்தால் ஸ்கேட் திரும்புவது அவை நசுங்கிக் கொடுப்பதால்தான். 1863-ல் ஜேம்ஸ் பிளிம்ப்டன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் சக்கர ஸ்கேட்டில் நினைத்த பக்கம் வளைய முடிந்தது. வயதான குஷன் இறுகிவிட்டால் ஸ்கேட் நேராக மட்டுமே போகும். அதைச் சரிசெய்வதாக நினைத்து நடு போல்ட்டின் நட்டைத் தளர்த்துவார்கள். அது முதல் தவறின் மேல் இரண்டாம் தவறு. அச்சு ஆட்டம் காண ஆரம்பிக்கும், வேகத்தில் ஸ்கேட் தானாக உதறும். குஷனை மாற்றுவதுதான் வழி.

சக்கர நட்டு விஷயமும் இப்படித்தான். முழுக்க இறுக்கிவிட்டு, கால் சுற்று பின்னால் விடுங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் நூலிழை ஆட்டம் தெரிய வேண்டும்; சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

பேரிங்கில் பெரும்பாலானோர் செய்வது ஒரே தவறு: துரு நீக்கும் ஸ்பிரேயைப் பீய்ச்சுவது. முதல் ஐந்து நிமிடம் அருமையாகச் சுற்றும். உள்ளே இருந்த கிரீஸைக் கரைத்துக் கழுவிவிட்டது அந்த ஸ்பிரேதான் என்பது பிறகு கேட்கும் கரகரப்பில் தெரியும். ஸ்கேட் பேரிங் பெரும்பாலும் 608 என்ற அளவு: வெளி விட்டம் 22 மி.மீ., உள் விட்டம் 8 மி.மீ. எட்டுச் சக்கரத்துக்குப் பதினாறு வேண்டும். மூடியைக் கழற்ற முடிகிற வகை என்றால், கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து அலசி, நன்றாகக் காயவிட்டு, ஒன்றிரண்டு சொட்டு பேரிங் எண்ணெய் விட்டால் போதும். தண்ணீர் ஆகாது. கழுவிய பின்னும் விரலில் சுற்றும்போது மணல் அரைபடுவது போலிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பனி ஸ்கேட்டில் பார்க்க வேண்டியது பிளேடு. துருப் புள்ளிகள் பக்கவாட்டில் மட்டும் இருந்தால் கவலையில்லை, விளிம்பில் இருந்தால் சாணை பிடித்தாக வேண்டும். பிளேடு கத்தியைப் போல ஒரு முனையில் முடிவதில்லை. அடியில் நீளவாக்கில் ஒரு குழி ஓடும், அதன் இருபுறமும் உள் விளிம்பு, வெளி விளிம்பு என்று இரண்டு முனைகள். நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால் நகம் லேசாகச் சுரண்டப்பட வேண்டும்; வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. குழியின் ஆழத்தை, அதன் வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அந்த வட்டத்தின் ஆரத்தால் சொல்வார்கள். அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., பொதுவான அளவு. ஆரம் சிறிதானால் குழி ஆழம், பிடி அதிகம். பிடி அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நிற்பதற்காகப் பிளேடைப் பக்கவாட்டில் தேய்க்கும்போது அது தேயாமல் கடித்து நின்று ஆளைத் தள்ளிவிடும். நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவருக்கு அரை அங்குலமோ அதைவிடச் சற்று ஆழம் குறைந்ததோ ஒத்துவரும். சாணையை ஸ்கேட் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பிளேடு முன்னும் பின்னும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். தெரியாதவர் கை பட்டால் அந்த வளைவு தட்டையாகிவிடும். போன வளைவைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமல்ல.

அம்மாவின் பழைய ஸ்கேட்டை மகளுக்குக் கொடுப்பதும் இந்த வகைத் தவறுதான். பூட்ஸ் முந்தைய காலுக்கு ஏற்ப மடிந்து, கணுக்கால் பகுதியில் துவண்டிருக்கும். நிமிர்த்தி வைத்தால் தானாக ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் அது நினைவுப் பொருளாக அலமாரியில் இருக்கட்டும்.

செருப்பு அளவில் ஸ்கேட் வாங்குவது

இருபது வருடத்தில் பாதமும் மாறியிருக்கும். வயதோடு வளைவு தாழ்ந்து பாதம் அகலமாகும். பிரசவத்துக்குப் பின் பல பெண்களுக்கு நீளமும் கூடுகிறது. ஆகவே பழைய எண்ணை மறந்துவிட்டு, மாலையில், நின்ற நிலையில், இரண்டு பாதங்களையும் சென்டிமீட்டரில் அளந்து, அந்தந்தத் தயாரிப்பின் அட்டவணையில் பாருங்கள். பனி ஸ்கேட்டுகள் பெரும்பாலும் நடக்கும் ஷூவைவிட ஒன்று அல்லது ஒன்றரை எண் சிறியதாகவே பொருந்தும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கியதும் விலக வேண்டும். குதிகால் மட்டும் எந்த நிலையிலும் தூக்கக் கூடாது.

"எனக்குக் கணுக்கால் பலவீனம், உள்பக்கமாகச் சாய்கிறது" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கணுக்காலில் ஒரு குறையும் இருக்காது. பூட்ஸ் பெரிதாக இருக்கும், அல்லது லேஸ் தளர்ந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத் தடித்த சாக்ஸ் போட்டால் கொப்புளம்தான் மிச்சம். மெல்லிய சாக்ஸ் ஒரு ஜோடி போதும்.

லேஸை அடியிலிருந்து முடிவரை ஒரே இறுக்கமாகக் கட்டக் கூடாது. விரல் பகுதியில் விரல்கள் அசையும் அளவுக்கு, பாதம் கணுக்காலோடு மடியும் இடத்தில் நன்றாக இறுக்கி, மேல் கொக்கிகளில் முட்டியை முன்னால் மடக்க இடம் விட்டு என மூன்று விதமாகக் கட்ட வேண்டும். மேலே இறுக்கிக் கட்டினால் முட்டி மடியாது. முட்டி மடியாதவர் பின்னால்தான் விழுவார். பத்து நிமிடம் ஓடியதும் தோல் இளகும், உட்கார்ந்து மறுபடி கட்டுங்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பது

சக்கரத்தில் பழகியவர் பனிக்கும், பனியில் பழகியவர் சக்கரத்துக்கும் மாறும்போது முக்கால்வாசித் திறமை கூடவே வரும். முட்டி மடக்கல், எடை மாற்றம், பக்கவாட்டில் தள்ளுவது எல்லாம் ஒன்றுதான். மிச்சம் கால்வாசியில்தான் அடிபடுகிறார்கள்.

குவாட் ஸ்கேட்டின் முன்னால் டோ ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை இருக்கும். அதைப் பின்னால் இழுத்து நிற்கலாம். கலை ஸ்கேட்டிங் பிளேடின் முன்னால் இருக்கும் பற்களும் அதே வேலைக்கு என்று நினைத்தால் தவறு. அவை குதிப்பதற்கும் சுழல்வதற்கும் உள்ளவை. அவற்றால் நிற்கப்போனால் பனியில் குத்தி நிற்கும், உடம்பு முன்னால் பறக்கும். அவற்றால் உந்தித் தள்ளிக் கிளம்புவதும் கெட்ட பழக்கம்.

சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட்டில் குதிகாலில் பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில் பனியில் ஒரு காலை முன்னால் நீட்டி நுனியைத் தூக்கினால், பிளேடின் வால் பகுதி வழுக்கி நேராக முதுகில் விழச் செய்யும். எதிர்ப்பக்கமும் உண்டு: பனியில் இரண்டு காலையும் சட்டென்று குறுக்கே திருப்பி, பனித்தூள் பறக்க நிற்பவர், இன்லைனில் அதையே செய்தால் சக்கரம் தரையைக் கவ்விக்கொள்ளும். பிளேடு பனியைச் சீவிக்கொண்டே நிற்கிறது. சக்கரத்துக்குச் சீவ ஒன்றுமில்லை.

பனியிலும் எல்லாப் பனியும் ஒன்றல்ல. கலை ஸ்கேட்டிங்குக்கு சுமார் மைனஸ் 3 முதல் 4 டிகிரியில் சற்று மிருதுவாக வைப்பார்கள், ஹாக்கிக்கு மைனஸ் 5, 6 என்று கெட்டியாக. போன வாரம் பிடித்த விளிம்பு இந்த வாரம் வேறு தளத்தில் வழுக்கினால் பிளேடை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

வெளியே தார்ச்சாலையில் ஓட்டுபவர் உள்ளரங்குச் சக்கரத்தோடு போவதும் அடிக்கடி நடக்கிறது. சக்கரத்தின் கடினத்தை 'ஏ' எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். குவாட்டுக்கு வெளியில் 78ஏ அளவில் மிருதுவான, 62 முதல் 65 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் வேண்டும். 95ஏ-க்கு மேற்பட்ட கடினச் சக்கரம் மரத்தளத்துக்கானது; சாலையில் பல் ஆடும், சின்னக் கூழாங்கல் பட்டாலும் நின்றுவிடும்.

நிற்கப் பழகாமல் கிளம்புவது

1760-களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் தான் செய்த சக்கர ஸ்கேட்டோடு ஒரு விருந்தில் வயலின் வாசித்துக்கொண்டே நுழைந்தார் என்றும், நிற்கத் தெரியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதினார் என்றும் சொல்வார்கள். கண்ணாடி போயிற்று, வயலினும் போயிற்று. இன்றும் ரிங்க்குகளில் இதே கதைதான், கண்ணாடிக்குப் பதில் சுவர்.

முதல் இருபது நிமிடம் நிற்பதை மட்டும் பழகுங்கள். பனியில்: இரு கால்களையும் இடுப்பகலம் வைத்து, முட்டியை மடக்கி, நுனிகள் உள்நோக்கியிருக்கக் குதிகால்களை வெளியே தள்ளுங்கள். பிளேடைப் பெரிதாகச் சாய்க்காமல் பனியைச் சுரண்ட விடுங்கள், சாய்த்தால் கடித்துக்கொள்ளும். குவாட்டிலும் இதே வடிவம்தான், கால்கள் இன்னும் அகலமாக. இன்லைனில்: முட்டியை மடக்கியபடியே பிரேக் உள்ள காலை மற்ற காலுக்கு முன்னால் நகர்த்தி, பிறகுதான் நுனியைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். நிமிர்ந்து நின்று நுனியைத் தூக்கினால் பிரேக் தரையை வருடும், அவ்வளவுதான். பிரேக் கட்டை தேய்மானக் கோட்டைத் தொட்டிருந்தால் மாற்றுங்கள். இவை கைவரும் வரை சரிவு, ஈரத்தரை, சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடு மூன்றின் பக்கமும் போக வேண்டாம்.

முட்டியை மடக்கச் சொன்னால் பலர் இடுப்பில் குனிகிறார்கள். குனிந்தால் தலை முன்னால் போகும், எடை பின்னாலேயே இருக்கும். கீழே பார்த்தால் முட்டி கால்விரலை மறைக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், கைகள் கண்ணில் படும்படி முன்னால் இருக்க வேண்டும்.

கையை ஊன்றி விழுவது

விழும்போது கையை நீட்டுவது இயல்பு. மணிக்கட்டு எலும்பு முறிவதும் அதனால்தான். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இந்த முறிவு சுலபமாக நேரும். சமநிலை போய்விட்டது என்று தெரிந்ததும் எழ முயலாதீர்கள். இன்னும் தாழ்ந்து, ஒரு பக்கமாக, தொடையின் சதைப்பகுதியில் இறங்குங்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்தால் பின்மண்டை அடிபடாது. சக்கரத்தில் ரிஸ்ட் கார்டு எனும் மணிக்கட்டுக் காப்பு கட்டாயம். அதன் பிளாஸ்டிக் தகடு தரையில் வழுக்கி, கையில் இறங்கும் விசையைக் குறைக்கும். பனியில் விழுந்த உடனே விரல்களை மூடி முஷ்டியாக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருபவரின் பிளேடு விரல் மீது ஏறும். ஹெல்மெட் சிறுவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடவும் வேண்டாம்.

எழுவதற்கு மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி, இரு கைகளையும் அந்த முட்டியில் வைத்து எழுங்கள். பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்து எழுந்தால் இருவரும் விழுவீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேட் செய்வது எந்த நிலையிலும் கூடாது.

உறைந்த ஏரியில் இறங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. நிறமற்ற, தெளிந்த புதுப் பனி குறைந்தது 10 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் கட்டிப் பனிக்கு அதில் பாதி வலுதான், எனவே இரு மடங்கு தடிமன் வேண்டும். ஓடை வந்து சேரும் இடத்திலும், மேலே பெய்த வெண்பனி மூடிய இடத்திலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். ஓரிடத்தில் அளந்தது ஏரி முழுவதற்கும் பொருந்தாது, தனியாகப் போகவும் கூடாது. உள்ளே விழுந்துவிட்டால் வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள்.

முதல் நாள் அரைமணி, முக்கால் மணி போதும். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று போகும் சுற்றில்தான் தொடை சோர்ந்து முட்டி நிமிர்ந்துவிடும். கழற்றியதும் பிளேடைத் துணியால் துடையுங்கள், பூட்ஸ் அடியையும் திருகாணிகளையும் சேர்த்து. பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதை மாட்டியபடியே பைக்குள் வைத்தால் உள்ளே தேங்கும் நீர் ஒரே வாரத்தில் விளிம்பைத் துருவேற்றிவிடும். பைக்குள் துணி உறை, வீட்டுக்கு வந்ததும் அதையும் கழற்றி, லேஸைத் தளர்த்தி, பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்துவிட்டுக் காற்றாட வையுங்கள்.