டிபி கிருமிக்கு எதிராகப் பெப்டைடைச் சோதிப்பது எப்படி: கல்லூரி ஆய்வகத்துக்கான வழிமுறை

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடை எடுக்க நினைக்கிறவர்களுக்காக எழுதியது இது. இந்தச் சோதனையில் வரும் தவறான எண்களில் பெரும்பங்கு பெப்டைடின் குற்றமல்ல. பிளாஸ்டிக், அல்புமின் என்ற ரத்தப் புரதம், உப்பு, ஈரக்காற்று இவைதான் காரணம். ஒரு பெப்டைடு வேலை செய்யவில்லை என்று எழுதும் முன், அது சோதனைத் தட்டின் குழிக்குள் கரைந்த நிலையில் இருந்ததா என்று உறுதி செய்ய வேண்டும்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. நம் உடம்பே எல்எல்-37 என்ற ஒன்றைச் செய்கிறது. அதில் 37 அமினோ அமிலங்கள். இந்த வகைப் பெப்டைடுகளில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் உள்ளவை. பாக்டீரியாச் சவ்வின் எதிர்மின்னூட்டத்தில் ஒட்டி அதைக் குலைக்கின்றன. டிபி கிருமிக்கு மேலே மைக்காலிக் அமிலத்தாலான மெழுகுச் சுவர் இருப்பதால் அந்த வேலை கடினம். டிபி சிகிச்சைக்குப் பெப்டைடு புதிதும் அல்ல: முன்பு ஊசியாகப் போட்ட கேப்ரியோமைசின் ஒரு வளையப் பெப்டைடுதான். ஆனால் அது சவ்வைத் தாக்காமல், கிருமி புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடிக்கும். காதையும் சிறுநீரகத்தையும் கெடுத்ததால் அது வழக்கொழிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் பேசும் பெப்டைடுகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. வீட்டில் யாராவது ஓட்டேரியிலோ ஸ்டான்லியிலோ டிபி மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

எந்தக் கிருமி?

நிஜ டிபி கிருமியைக் கல்லூரியில் தொடாதீர்கள். சளி மாதிரியும் வேண்டாம். அந்தக் கிருமியை வளர்க்க மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் தேவை. உங்களுக்கு ஏற்றது அதன் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ், எம்சி²155 வகை. டிபி கிருமி இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம். இதற்குச் சுமார் 3 மணி நேரம். மைக்கோபாக்டீரியா வகைகளுக்குச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி சேமிப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். இதையும் பாதுகாப்புப் பெட்டிக்குள்ளேயே கையாளுங்கள். எல்லாக் கழிவும் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியே போகட்டும்.

குப்பியைத் திறக்கும் முன்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் ராயபுரம் வெயிலில் எப்படி வியர்க்கும் என்று தெரியும். மைனஸ் 20-லிருந்து எடுத்த பெப்டைடுக் குப்பியும் அப்படித்தான். உடனே திறந்தால் அந்த ஈரம் உள்ளே இறங்கி, பொடி கண்ணெதிரே சுருங்கிப் பிசுபிசுப்பாகும். அதன் பின் எடையும் பொய், ஆயுளும் குறைவு. மூடியபடியே சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அரை நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். பொடி பல சமயம் மூடியின் அடியில் மெல்லிய பஞ்சுபோல ஒட்டியிருக்கும்; சுற்றாமல் திறந்தால் காற்றோடு போய்விடும்.

அடுத்து நிகர அளவு. 1 மி.கி. என்று ஒட்டிய குப்பியில் 1 மி.கி. பெப்டைடு இருக்காது, உப்பும் நீரும் சேர்ந்த எடை அது. சான்றிதழில் நிகரப் பெப்டைடு 70 சதவீதம் என்றிருந்தால் உள்ளே இருப்பது 0.7 மி.கி. மி.லி.க்கு 1,280 மைக்ரோகிராம் கரைசல் வேண்டுமானால் 547 மைக்ரோலிட்டரில் கரைக்க வேண்டும். 1 மி.கி. என்று நம்பி 781 மைக்ரோலிட்டர் ஊற்றினால் கையிலிருப்பது 896 மைக்ரோகிராம் கரைசல். அதில் வரும் ஒவ்வொரு எண்ணும் பெப்டைடை அதன் உண்மைத் திறனைவிட மட்டமாகக் காட்டும். ஆர்டர் கொடுக்கும்போதே ட்ரைஃபுளோரோ அசிட்டேட்டுக்குப் பதில் அசிட்டேட் உப்பாகக் கேளுங்கள். முன்னது செல்களுக்குத் தானே நஞ்சாகலாம்.

முதலில் கரைப்பது கிருமிநீக்கிய சுத்த நீரில். பேட்டரி தண்ணீர் வேண்டாம். பஃபரில் நேரடியாகக் கரைத்தால் பல பெப்டைடுகள் திரண்டுவிடும். பகுதி பகுதியாகப் பிரித்து உறைய வையுங்கள்; ஒரு பகுதியை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள்.

பிளாஸ்டிக்கும் ஊடகமும்

சாதாரணப் பாலிஸ்டைரீன் தட்டின் சுவர் நேர்மின்னூட்டப் பெப்டைடை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். குறைந்த செறிவுக் குழிகளில் கிருமிக்கு மிஞ்சுவது சொற்பம். 96 குழித் தட்டும் குழாய்களும் பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். பெப்டைடை நீர்க்கவைக்கும் நீர்ப்பானுக்கு 100 மி.லி. நீரில் 10 மைக்ரோலிட்டர் அசிட்டிக் அமிலமும் 0.2 கிராம் மாட்டு அல்புமினும் சேர்த்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அல்புமின் சுவரை மூட மட்டும். குழியில் இது 0.02 சதவீதமாகிவிடும்.

மைக்கோபாக்டீரியாவை வளர்க்கும் வழக்கமான 7எச்9 ஊடகத்தில் ஏடிசி (அல்புமின், குளுக்கோஸ், கேட்டலேஸ்) கலவை சேர்த்தால், ஊடகத்தில் அல்புமின் இதைவிட 25 மடங்கு. அது பெப்டைடை விழுங்கிவிடும். ஸ்மெக்மாடிஸுக்கு ஏடிசி அவசியமில்லை: 4.7 கிராம் 7எச்9 பொடி, 2 மி.லி. கிளிசரால், 1 லிட்டர் நீர். ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பின் வடிகட்டிய குளுக்கோஸ் 0.2 சதவீதம் வரும்படி. கிருமி கட்டியாகாமல் தடுக்கும் ட்வீன் 80 (0.05 சதவீதம்) கிருமியை வளர்க்கும் குடுவையில் மட்டும். சோதனைக்கு முன் இரு முறை கழுவி அதை நீக்குங்கள். அதுவும் முடிவைக் கலைக்கும்.

ட்வீன் போனதும் கிருமி கட்டிகட்டும். 3 மி.மீ. கண்ணாடி மணிகளோடு ஒரு நிமிடம் வார்டெக்ஸ் செய்து, 15 நிமிடம் அசையாமல் வைத்து, மேல்பகுதியை மட்டும் எடுங்கள். 600 நானோமீட்டரில் ஓ.டி. (கலங்கல் அளவு) 0.1 ஆக்கி 100 மடங்கு நீர்த்தால், மி.லி.க்கு 5 லட்சம் கிருமி என்ற இலக்கின் அருகே வரும். நம்பிவிடாதீர்கள்: இதை 1,000 மடங்கு நீர்த்து 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். மூன்று நாளில் 50 காலனி அளவில் வந்தால் சரி.

தட்டு அடுக்குதல்

ஓரக் குழிகளில் 200 மைக்ரோலிட்டர் வெறும் நீர். அவைதான் முதலில் காயும். முதல் குழாயில் 200 மைக்ரோலிட்டர் 1,280 கரைசல். அடுத்த எட்டிலும் 100 மைக்ரோலிட்டர் நீர்ப்பான் வைத்து, 100 மைக்ரோலிட்டர் எடுத்து எடுத்துக் கடத்துங்கள். ஒவ்வொரு கடத்தலுக்கும் புது டிப். உள் குழி ஒவ்வொன்றிலும் 90 மைக்ரோலிட்டர் கிருமியும் 10 மைக்ரோலிட்டர் பெப்டைடும் போட்டால் மி.லி.க்கு 128 மைக்ரோகிராமிலிருந்து 0.5 வரை ஒன்பது செறிவுகள்.

மூன்று வரிசை பெப்டைடு. ஒரு வரிசை சிப்ரோஃபிளாக்சசின், 4 மைக்ரோகிராமிலிருந்து இறங்கியபடி. ரிஃபாம்பிசினை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்; ஸ்மெக்மாடிஸில் அதைச் செயலிழக்கவைக்கும் நொதி இருக்கிறது. ஒரு வரிசையில் பாதி கிருமியும் நீர்ப்பானும், மறுபாதி கிருமியில்லா ஊடகம். கடைசி வரிசையில் கிருமியில்லாமல் பெப்டைடு மட்டும்: சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உள்ள பெப்டைடு, கடைசியில் சேர்க்கும் சாயத்தைத் தானே நிறம் மாற்றக்கூடும், அதைப் பிடிக்க இந்த வரிசை.

ஈர டிஷ்யூவோடு ஜிப் பையில் போட்டு 37 டிகிரியில் 48 மணி நேரம். இன்குபேட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பிறகு தெளிந்த குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டரை அகாரில் வையுங்கள்; கிருமி செத்ததா, வளராமல் நின்றதா என்று அது சொல்லும். அதன் பின்பே 0.02 சதவீத ரெசசூரின், குழிக்கு 30 மைக்ரோலிட்டர். இது நீலச் சாயம்; உயிருள்ள கிருமி இதை இளஞ்சிவப்பாக்கும். 2 மணி நேரத்திலிருந்து பாருங்கள். நீலம் நின்ற கடைசிச் செறிவுதான் எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. இரவு முழுக்க விட்டால் இளஞ்சிவப்பும் வெளுத்து நிறமற்றதாகிக் குழப்பும். மூன்று வரிசைகளுக்குள் ஒரு குழிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கட்டியோ பைப்பெட்டோ காரணம், மீண்டும் செய்யுங்கள்.

சிவப்பணுச் சோதனை

கிருமியைக் கொன்றால் போதாது, நம் செல்லைக் கொல்லக் கூடாது. முதல்கட்டப் பார்வைக்குப் புளியந்தோப்பு ஆடுதொட்டியில் ரத்தம் கேட்டு வாங்கலாம்: 9 பங்கு ரத்தத்துக்கு, அது உறையாதிருக்க 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் 1 பங்கு. விலங்கு நோய் தொற்றலாம் என்பதால் கையுறை கட்டாயம். பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி 4 சதவீதமாக்குங்கள். இதில் 90 மைக்ரோலிட்டருக்குப் பெப்டைடு 10 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம். சுற்றி, மேல்நீரை 540 நானோமீட்டரில் அளந்து பாருங்கள்; சிவப்பணு உடைந்தால் அதில் சிவப்பு ஏறும். பிபிஎஸ் மட்டும் சேர்த்தது பூஜ்யம், எல்லாச் செல்லையும் உடைக்கும் 0.1 சதவீத ட்ரைட்டன் சேர்த்தது நூறு. ஆட்டுச் சிவப்பணுச் சவ்வின் கொழுப்பு மனிதனுடையதிலிருந்து வேறு. அதில் பாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே ஆட்டு ரத்தத்தில் பாதுகாப்பு என்று வந்தாலும், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மனித ரத்தத்தில் பார்க்காமல் அப்படி எழுதாதீர்கள்.

நிஜ டிபி கிருமியில் சோதிக்கச் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஓரிடத்தை வழிகாட்டி மூலம் அணுகும்போது, எம்.ஐ.சி. எண்ணோடு தட்டின் பிளாஸ்டிக், ஊடகத்தின் கலவை, நிகரப் பெப்டைடு சதவீதம், உப்பு வகை, காலனி எண்ணிக்கை ஐந்தையும் அதே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.