ட்ரோன் ரிசீவர் பைண்ட் ஆகலயா? காத்துல வர்ற சிக்னல்ல பிரச்சனையா, ஒயர்ல பிரச்சனையான்னு மொதல்ல பாருங்க

என்னோட முதல் 5 இன்ச் ட்ரோன்ல ரிசீவர் வேலை செய்யாம ரெண்டு ராத்திரி போச்சு. ரிசீவர் டப்பானு திட்டிட்டு இருந்தேன், கடைசில பார்த்தா சால்டரிங் பண்ணதே தப்பு. இங்க சொல்றது இஎல்ஆர்எஸ் (எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ங்கற ரேடியோ லிங்க்) 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர், பீட்டாஃப்ளைட் சாஃப்ட்வேர் ஓடற ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டுக்கு.

எல்லாத்துக்கும் முன்னாடி ப்ரொப்பெல்லர கழட்டிடுங்க. ரேடியோல (கையில பிடிக்கற ரிமோட்) ஆன்டெனா இல்லாம ஆன் பண்ணாதீங்க, மாட்யூல் போயிரும்.

ஒயரிங்: நாலே ஒயர்தான், 5 வோல்ட், கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்பறது), ஆர்எக்ஸ் (வாங்கறது). ரிசீவரோட டிஎக்ஸ் போர்டோட ஆர்எக்ஸ்க்கு போகணும், அது சொல்றத இது கேக்கணும்ல! நான் ஒரே பேருனு டிஎக்ஸ டிஎக்ஸோடயே சேர்த்து வச்சிருந்தேன். இன்னொண்ணு, சில போர்டுல யுஎஸ்பி மட்டும் குத்தினா 5 வோல்ட் பேடுக்கு கரண்டே வராது, லைட் எரியலன்னா பேட்டரி போட்டு பாருங்க.

பைண்டிங் (ரேடியோவையும் ரிசீவரையும் ஜோடி சேர்க்கறது): ரேடியோ 3, ரிசீவர் 2னு இஎல்ஆர்எஸ் வெர்ஷனோட முதல் நம்பர் வேற வேறயா இருந்தா தலைகீழா நின்னாலும் சேராது. ரேடியோ வெர்ஷன், ரேடியோலயே ஓடற இஎல்ஆர்எஸ் லுவா ஸ்கிரிப்ட்ல (செட்டிங் மெனு) தெரியும். ரிசீவர் வெர்ஷனுக்கு, ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு அத மட்டும் ஆன்ல விடுங்க, ஒரு நிமிஷம் போல ஆனதும் லைட் வேகமா சிமிட்டும், வைஃபை வந்துருச்சுனு அர்த்தம். போன்ல கனெக்ட் பண்ணி பிரவுசர்ல 10.0.0.1 போட்டா வெர்ஷன் இருக்கும், பைண்டிங் ஃபிரேஸும் (ரெண்டுக்கும் பொதுவா வைக்கற வார்த்தை) அங்கயே போடலாம். அதே வார்த்தைய ரேடியோலயும் போட்டா தானா சேந்துக்கும். 1234னு வைக்காதீங்க, பறக்க விடற மைதானத்துல இன்னொருத்தனும் அதையேதான் வச்சிருப்பான்.

ஃபிரேஸ் வேணாம்னா ரிசீவர 3 தடவ டக்கு டக்குனு ஆன் ஆஃப் பண்ணுங்க, லைட் ரெண்டு ரெண்டா சிமிட்டும், அப்ப லுவால பைண்ட் அமுக்குங்க. லைட் நிலையா நின்னா முடிஞ்சுது. மூணு சிமிட்டு, ஒரு கேப்புனு வந்தா லிங்க் இருக்கு ஆனா மாடல் மேட்ச் (இந்த மாடலுக்கு இந்த ரிசீவர்தான்னு பூட்டற செட்டிங்) ஒத்துவரல, லுவால போய் அத மாத்துங்க.

பீட்டாஃப்ளைட்: போர்ட்ஸ் டேப்ல நீங்க சால்டர் பண்ண யுஆர்ட்டுக்கு (போர்டுல இருக்கற நம்பர் போட்ட டிஎக்ஸ்-ஆர்எக்ஸ் ஜோடி) சீரியல் ஆர்எக்ஸ் ஆன், ரிசீவர் டேப்ல சீரியல், சிஆர்எஸ்எஃப் (ரிசீவர் போர்டோட பேசற மொழி), சேவ். ரேடியோ ஸ்டிக்க ஆட்டுங்க, அந்த டேப்ல சேனல் பார் ஆடணும்.

ரொம்ப பேர் இங்கதான் குழம்பி, நல்லா சேந்திருக்கறத திரும்பத் திரும்ப பைண்ட் பண்ணுவாங்க. லைட் நிலையா எரியுது, பார் ஆடலயா? ரேடியோவத் தொடாதீங்க, ஒயரோ யுஆர்ட் நம்பரோதான் தப்பு. லைட்டே நிக்கலயா? அப்போ பீட்டாஃப்ளைட்ல தேடி பிரயோஜனம் இல்ல, வெர்ஷனும் ஃபிரேஸும்தான் பாக்கணும். த்ராட்டில் ஆட்டினா ரோல் ஆடுச்சுனா சேனல் மேப் மாத்தினா போதும், ஏஇடிஆர் (ரோல், பிட்ச், த்ராட்டில், யா வரிசை) வைங்க.

ஆர்ம் சுவிட்ச் (மோட்டார சுத்த விடறது) ஆக்ஸ் 1லதான், அதாவது 5வது சேனல்ல, இருக்கணும், இஎல்ஆர்எஸ் அந்த சேனல ஆர்முக்குன்னே வச்சிருக்கு.

ஃபெயில்சேஃப் (சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கற பாதுகாப்பு): யுஎஸ்பிய எடுத்துட்டு பேட்டரில ஆர்ம் பண்ணுங்க, மோட்டார் சுத்தும்போது ரேடியோவ ஆஃப் பண்ணுங்க. மோட்டார் நிக்கலன்னா அன்னிக்கு பறக்க விடாதீங்க, ப்ரொப்பெல்லரையும் மாட்டாதீங்க.

பக்கத்துலயே சிக்னல் விழுந்தா ரேடியோ பவர ஏத்தறதுக்கு முன்னாடி ரிசீவர் ஆன்டெனாவ பாருங்க, கார்பன் ஃபிரேமோட ஒட்டி படுத்திருக்கும். எனக்கு அத ஒரு ஜிப் டைல நிமித்தி கட்டினதுமே சரியாயிருச்சு.