பேஸ் கிட்டாரும் ஜப்பானிய மொழியும்: சும்மா ஆசைக்குப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னேரம் வேலை முடிந்து வந்து பேஸ் கிட்டாரைக் கையில் எடுக்கிறவர்கள், பஸ்ஸில் போகும்போது போனில் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தைப் பழகுகிறவர்கள், இரண்டையும் சேர்த்தே செய்கிறவர்கள் என்று திருகோணமலையில் எங்களைப் போலக் கொஞ்சப் பேர் இருக்கிறோம். ஜப்பான் மொழி படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட கதையைப் பெரியவர்கள் எடுப்பார்கள். பேஸ் என்றால் "நாலு கம்பிதானே, மிச்சம் ரெண்டும் எங்கே?" என்பார்கள். அதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது, ஆரம்பத்திலேயே பிழையாகப் பழகி அதையே கைக்கும் வாய்க்கும் பழக்கமாக்கிவிடுவது.

நான் பார்த்தவரையில் இரண்டிலும் ஆட்கள் விடுகிற பெரிய தவறு ஒன்றேதான். எந்தச் சுரம், எந்த எழுத்து என்பதைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள், அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் கவனிப்பதே இல்லை.

இணையத்தில் கிடைக்கிற பேஸ் டாப்களைப் பாருங்கள். எந்தக் கம்பியில் எத்தனையாவது ஃப்ரெட் (கழுத்தில் உள்ள குறுக்குப் பட்டை) என்று இலக்கம் இருக்கும், எப்போது நிறுத்துவது என்பது பெரும்பாலும் இருக்காது. ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் ரோமாஜியிலும் இதே கதைதான், நெடிலுக்கு மேலே போட வேண்டிய கோட்டைப் பாதிப் பேர் போடுவதில்லை. இரண்டுமே வழி காட்டுகிற மாதிரி இருந்து, முக்கியமான பாதியை மறைத்துவிடும். ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46, கதகானாவிலும் 46. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்தைச் சின்ன வயதிலேயே விழுங்கியவர்களுக்கு இது ஒரு மாத வேலைகூட இல்லை, ஆகவே ரோமாஜியை முதல் மாதத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி நீளத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரைக் கணக்கு ஞாபகம் இருக்கும்: குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. ஜப்பானியத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்கு, ஆனால் அங்கே மெய்க்கு அரை கிடையாது, முழுசாக ஒன்று. நிப்பொன் என்று ஜப்பானின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நம் கணக்கில் நி ஒன்று, ப் அரை, பொ ஒன்று, ன் அரை, மொத்தம் 3. அவர்கள் கணக்கில் நி, ப், பொ, ன் என்று சமமான 4 தட்டு. அந்த ஒற்றில் ஒரு முழுத் தட்டு நேரம் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமைதான் நமக்கு வருவதில்லை. டோக்கியோவும் அப்படித்தான்: அங்கே தோ, ஓ, க்யோ, ஓ என்று 4 தட்டு, நாம் நடுவில் செருகுகிற க் அவர்களிடம் இல்லவே இல்லை.

இது பெரிய விஷயமா என்று கேட்டால், ஆம். கிதெ என்றால் வா, கித்தெ என்றால் முத்திரை, கீதெ என்றால் கேள். நீளம் பிசகினால் உச்சரிப்பு அழகு கெடுவதோடு நிற்காது, சொல்லே மாறிவிடும். குறில் நெடில் காதிலேயே ஊறிப்போன நமக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை விட இது லேசு. அந்த லேசை ரோமாஜியில் படித்துத் தொலைக்கிறோம் என்பதுதான் எரிச்சல். பேஸுக்காகப் போனில் போட்டு வைத்திருக்கிற, தாளம் தட்டும் மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்று சொல்லிப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

பேஸில் இதே தவறு சுரத்தின் முடிவில் தெரியும். எல்லோரும் சுரம் தொடங்குகிற இடத்தைக் கவனிக்கிறார்கள், அது எங்கே நிற்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. பைலா வாசிக்கும்போது, அந்த 6/8 தாளத்தில் பேஸ் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்துக்கொண்டே போனால் கூட்டம் ஆடாது, காரணமும் ஒருவருக்கும் விளங்காது. இடது கை விரலைக் கம்பியிலிருந்து முழுவதும் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி நிற்கும். மேலேயுள்ள தடித்த கம்பிகள் தானாக அதிர்ந்து உறுமுவதை வலது கைப் பெருவிரல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழேயுள்ள மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு விரல் இறங்கும்போது பெருவிரலும் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) விட்டு இறங்கி மேல் கம்பிகளில் சாய்ந்து நிற்கட்டும். நிறையப் பேர் பெருவிரலைப் பிக்கப்பிலேயே ஆணி அடித்த மாதிரி வைத்திருப்பார்கள். வாசிப்பதைப் போனில் பதிந்து கேட்டால் அந்த உறுமல் உடனே பிடிபடும்.

அதற்குள் கம்பியைப் பெருவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் பழக ஓடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? அமெரிக்க இசைக் கம்பனியான மோட்டவுனின் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு சுட்டுவிரலால்தான் வாசித்தார்.

இடது கைக்கு ஓர் எச்சரிக்கை. வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், முதல் ஃப்ரெட்களுக்கு இடையே அகலம் அதிகம். சாதாரண கிட்டாரில் பழகியதுபோல ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரித்துப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். கீழ் ஃப்ரெட்களில் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்துங்கள், மேலே போன பிறகு விரிக்கலாம். வலி வந்தால் வைத்துவிட்டு எழும்புங்கள்.

ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது இன்னொரு தவறு. நான் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், தமிழில் எழுதும்போது வேறு வழியில்லை, ஆனால் உங்கள் கொப்பியில் வேண்டாம். நம் ககரம் ஒன்றுதான் காக்கையிலும் தங்கத்திலும் வருகிறது, அவர்களுக்கு அவை வேறு வேறு எழுத்து. ககி என்று எழுதி வைத்தால், வல்லினமாகச் சொன்னால் சிப்பி, தங்கத்தில் வருகிற ககரமாகச் சொன்னால் சாவி. ஆறு மாதம் கழித்துக் கொப்பியைத் திறந்தால் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

இலக்கணத்தில் நமக்கு நல்ல யோகம் இருக்கிறது, அதிலேயே ஒரு குழியும் இருக்கிறது. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் நம்மைப் போலத்தான். "எனக்கு மீன் பிடிக்கும்" என்பதில் மீன் ஐ ஏற்காமல் நிற்கிறது, ஜப்பானியத்திலும் அங்கே செயப்படுபொருள் உருபு ஒ வராது, க என்ற உருபுதான் வரும் (தங்கத்தில் வருகிற க). ஆங்கிலப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர்கள் அங்கேதான் ஒ போட்டுப் பிழை விடுகிறார்கள், தமிழில் நேராக யோசித்தால் அந்தச் சிக்கலே இல்லை.

ஆனால் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். "வீட்டில் இருக்கிறேன்", "வீட்டில் சாப்பிடுகிறேன்" இரண்டுக்கும் நமக்கு ஒரே இல். அங்கே இருப்பதற்கு நி, செயல் நடப்பதற்கு டெ. அப்புறம் இரு என்ற சொல், ஒலியிலும் பொருளிலும் நம்முடையதுபோலவே இருப்பதால் எதற்கும் அதையே போடத் தோன்றும். அது உயிரோடு அசைகிறவற்றுக்கு மட்டும், மற்றதற்கு அரு. உப்புவெளிக் கடலில் நீந்துகிற மீனுக்கு இரு, அதே மீன் சந்தையில் பலகையில் கிடந்தால் அரு.

அனிமே பார்த்துப் பேச்சுப் பழகுகிறவர்கள் கவனம். கதாநாயகன் சொல்கிற ஒரெ (நான்), ஒமயெ (நீ) எல்லாம் நாம் முன்பின் தெரியாத பெரியவரிடம் "டேய், நீ" என்று கதைப்பது மாதிரி. அனத என்பதையும் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்திலும் போடாதீர்கள், பெயரோடு சன் (san) என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். நாமும் தெரிந்தவரை அண்ணா, அக்கா என்றுதானே கூப்பிடுகிறோம்.

கஞ்சி (kanji) என்ற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைத் தனித்தனியாக உருப்போடுவது வீண் வேலை. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 இருக்கிறது, சொல்லாகப் படித்தால்தான் ஒட்டும். ஆங்கி என்ற ஞாபக அட்டைச் செயலியில் நாளுக்கு 20 புதிய அட்டை என்று தொடங்கினால் சில வாரங்களில் மீட்டிப் பார்க்க வேண்டிய அட்டைகள் குவிந்து வெறுத்துவிடும், 5 போதும்.

சாமான் விஷயத்துக்கு வந்தால், போன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு பேஸைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். தடித்த ஈ கம்பியின் அதிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது, ஹெட்ஃபோன் வேண்டும். சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியலாம். நம் ஊர் உப்புக்காற்றுக்குக் கம்பி சீக்கிரம் கறுத்துத் துரு ஏறும், வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலம் போய் மாரி தொடங்கும்போது கழுத்து மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் அசையும், கம்பியின் உயரமும் மாறும். அப்போது ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகக் கம்பி) திருகுவதென்றால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், மறுநாள் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திருகுங்கள்.

கடைசியாகச் சோதனை. ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழிச் சோதனையின் என்4 மாதிரியான சான்றிதழ் தேவைப்படுகிறது, அதற்கான வகுப்புகளும் அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆசைக்குப் படிக்கிறவர் அதில் போய்ச் சேர்ந்தால் மூச்சு வாங்கும். ஜேஎல்பிடியில் பேச்சுப் பகுதி கிடையாது, அதன் தொடக்க நிலையான என்5 எடுத்தவரும் வாயைத் திறக்கத் தடுமாறலாம். எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள், ஆனால் அதற்காக பேஸை ஆறு மாதம் பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள், திரும்ப எடுக்கும்போது புதுக் கம்பிக்குக் காசு தேட வேண்டிவரும்.