திரை வரையும் முன் ஒரு முக்கோணம்

அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வடிவமைக்கிறீர்களா? "என்னென்ன வசதி வேண்டும்?" என்று பட்டியல் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, செயல்பாட்டுக் கோட்பாட்டின் (ஒரு வேலையை, செய்பவர், கருவி, சுற்றியுள்ளவர்கள் எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பாகப் பார்க்கும் கோட்பாடு) முக்கோணத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பின்லாந்து ஆய்வாளர் யுர்யோ எங்கெஸ்ட்ரோம் 1987-ல் முன்வைத்தது. வேலை செய்பவர், வேலையின் இலக்கு, கருவி, விதிகள், சுற்றியுள்ள குழு, வேலைப் பங்கீடு என்று ஆறு இடங்கள். நிரப்புவது சுலபம்தான், ஆனால் எது எதோடு முட்டுகிறது என்று தேடும்போதுதான் பலனே கிடைக்கும்.

ஹெல்சிங்கியில் குழந்தைகள் மருத்துவத்தை அவர் குழு ஆராய்ந்தபோது, நாள்பட்ட நோயுள்ள குழந்தைகள் சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருந்தது. ஒவ்வோர் இடமும் தன் பங்கை மட்டும் பார்த்தது, மொத்தச் சிகிச்சையும் யார் பொறுப்பிலும் இல்லை. இங்கே முட்டல் பங்கீட்டில், வேகமான கணினி வந்தாலும் தீராது. பெற்றோரும் சேர்ந்த பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றைத்தான் வழியாகக் கொண்டுவந்தார்கள்.

சரி, உங்கள் இடத்தில் முட்டலை எங்கே தேடுவது? ஊழியர்கள் தனியாக வைத்திருக்கும் நோட்டு, எக்செல் கோப்பு, வாட்ஸ்அப் குழு, இதிலெல்லாம் பாருங்கள். இருக்கிற முறை எங்கோ முட்டுவதால்தான் இவை முளைக்கின்றன. மேலாளர்கள் உடனே அதைத் தடை செய்யப் பார்ப்பார்கள் (அவர்களிடமே ஒன்று இருக்கும்). தடுக்காமல், எந்த விதிக்காக அல்லது யாருக்காக அதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, பதிலை முக்கோணத்தில் குறியுங்கள். அப்புறம் மென்பொருளின் திரையை வரையலாம்.